மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் சோதனை, பிறகு சென்சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை இறங்கியதும் நெல்லைச் சீமையின் கார் பட்டறைகளில் ஒரே பேச்சுதான். "அண்ணாச்சி, டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு எரியுது." பதிலும் பெரும்பாலும் ஒன்றே: "சென்சார் போயிருக்கும், மாத்திருவோம்." மாற்றுகிறார்கள், விளக்கும் அணைகிறது. வள்ளியூர் போய்த் திரும்புவதற்குள் மறுபடி எரிகிறது. அடுத்து இன்னொரு சென்சார். அதற்கும் அடுத்தது ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி. கடைசியில் பேட்டரித் தட்டுக்குக் கீழே ஓர் எர்த் வயர் பச்சை பூத்து நிற்பதை யாரோ ஒருவர் கண்டுபிடிக்கிறார். அதற்குள் பல ஆயிரம் ரூபாய் கரைந்திருக்கும்.

கார்களின் மின்பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். கார் வைத்திருப்பவர்களுக்கும், ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் பயன்படும் என்பதால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் விளக்கைப் பற்றி. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை ஓட்டலாம். ஓரிரு நாளில் பார்த்துவிட வேண்டும். அதே விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக ஓரங்கட்ட வேண்டும். எண்ணெய்க் கிண்டி படமோ வெப்பமானிப் படமோ சிவப்பாக எரிந்தால் அது சென்சார் ஆராய்ச்சிக்கான நேரமே இல்லை. அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "லைட்டு எரிஞ்சாலும் ஓடத்தானே செய்யுது" என்று பாபநாசம் வரை ஓட்டிப்போகிறவர்கள் உண்டு.

நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி எனும் தற்சோதனை முறை 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி அதை இன்னும் இறுக்கியது. ஆகவே 2013க்குப் பின் வந்த காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் கருவியை அதில் செருகி, கைபேசியிலேயே பிழை எண்ணைப் படிக்கலாம். படித்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியபடியே பத்து நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும்.

கருவி உயிர்பெறவே இல்லை என்றால் ஈசியு செத்துவிட்டதாகப் பதற வேண்டாம். சாக்கெட்டின் 16ஆம் முனையில் பேட்டரி மின்னழுத்தமும், 4ஆம், 5ஆம் முனைகளில் எர்த்தும் இருக்க வேண்டும். பல கார்களில் இந்த 16ஆம் முனைக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃபியூஸ். மலிவு விலை போன் சார்ஜர் ஒன்று அந்த ஃபியூஸைத் தின்றிருக்கும். கருவி எரிகிறது, ஆனால் வண்டியோடு பேசவில்லை என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு தகவல் போகும் 6ஆம், 14ஆம் முனைகளுக்கு இடையே ஓம் அளக்கலாம். பெரும்பாலான கார்களில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் தகவல் கம்பி ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் எங்கோ ஒட்டிக்கிடக்கின்றன.

பிழை எண்ணை எப்படி வாசிப்பது என்பதில்தான் காசு வீணாகிறது. பி0118 என்றால் கூலன்ட் வெப்பச் சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். சுற்று என்றால் சென்சார், வயரை அதில் மாட்டும் கப்ளர், இரண்டு வயர், ஈசியு எல்லாம் சேர்ந்தது. அந்த நான்கில் எது என்று எண் சொல்லாது. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அந்தச் செய்தியைக் கொண்டுவருவது, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார். கொண்டுவந்தவனையே குற்றவாளி ஆக்கி மாற்றுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு.

எண்ணை அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து வையுங்கள். எண்ணோடு சேர்ந்து, பிழை விழுந்த நொடியில் இன்ஜின் சுழற்சி, வேகம், வெப்பம், சுமை, எரிபொருள் திருத்தம் எவ்வளவு என்பதும் பதிவாகியிருக்கும். இதைத்தான் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்கிறார்கள். 40 டிகிரியில், நின்ற இடத்தில் விழுந்த பிழைக்கும், 90 டிகிரியில், 80 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்த பிழைக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. "அழிச்சுப் பாப்போம், வந்தா பாத்துக்கலாம்" என்று முதலிலேயே அழித்துவிட்டால் இந்தத் தடயமும் போய்விடும். பல பிழைகள் தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் தெரிந்தால்தான் விளக்கு எரியும். கோளாறு இல்லாமல் மூன்று ஓட்டங்கள் போனால் தானாக அணையும். நினைவில் அந்த எண் இன்னும் 40 தடவை இன்ஜின் சூடேறி ஆறும் வரை கிடக்கும். விளக்கு அணைந்த பிறகும் கருவியைச் செருகினால் எண் கிடைக்கும் என்பது இதனால்தான். சென்சார் மாற்றியதும் விளக்கு அணைந்தது என்று நம்புகிறோமே, பாதி நேரம் அது அழித்ததால் அணைந்தது.

இனிச் சோதனை. எந்த எண் வந்தாலும் பேட்டரியில் தொடங்குங்கள். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை. மின்னழுத்தம் தடுமாறினால் சம்பந்தமே இல்லாத ஐந்தாறு எண்கள் ஒரே நேரத்தில் விழும். அடுத்தது எர்த். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுக்கொண்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை சரியில்லை. பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் அதே அளவு. இரண்டு நிமிட வேலை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கத்து வண்டிகளில் இந்தச் சோதனையைத் தாண்டாமல் எந்தச் சென்சாரையும் தொடவே கூடாது. உப்புக் காற்றில் எர்த் போல்ட்டின் மேற்பகுதி பளபளப்பாக இருக்கும். கழற்றினால் அடியில் துரு. போல்ட்டைக் கழற்றி, உலோகம் தெரியும்வரை தேய்த்து, முறுக்கிய பின் மேலே கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸைத் தடவிவிட்டு முறுக்குவதும், பெயின்ட் மேலேயே முறுக்குவதும் வேலை ஆகாது.

ஆற்றுப்பாசனப் பக்கம் உப்புக்குப் பதில் எலி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வட்டாரத்தில் வயல் ஓரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது தெரியும். கார் பருவ நெல் அறுவடை முடிந்தாலும் பிசான அறுவடை முடிந்தாலும் வயலெலி வீட்டுப் பக்கம் வரும். சூடாறாத இன்ஜின் அதற்கு நல்ல மெத்தை. பேட்டரிக்குப் பின்னால், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் மேலே, ஏர் ஃபில்டர் பெட்டிக்கு உள்ளே பாருங்கள். கடித்த வயரை வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது ஆறு மாதம் தாங்காது. வயர்களை ஒரே இடத்தில் வெட்டாமல் ஓர் அங்குலம் தள்ளித் தள்ளி வெட்டி, ஈயம் பற்றவைத்தோ நல்ல கிரிம்ப் போட்டோ இணைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுகாட்டி மூட வேண்டும். முறுக்கிய இரட்டை வயர்களை அதே முறுக்கோடு திரும்பப் போட வேண்டும். நேராக ஓட்டினால் பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில் அருகில் இருந்தால் அதன் மின் இரைச்சல் அதற்குள் புகும். பானெட்டுக்குள் புகையிலைக் காம்பு கட்டித் தொங்கவிடுகிறார்கள். எலி நாலு நாள் ஒதுங்கும், பிறகு பழகிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதே மேல்.

மூன்றாவது எதிரி தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் சில அப்போது ஓடின, பல மாதம் கழித்துத்தான் படுத்தன. காரணம் எளிது. கப்ளருக்குள் புகுந்த சேற்றுநீர் செம்புக் கம்பி இழைகளுக்கு நடுவே திரிபோல ஏறி, இன்சுலேஷனுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். வெளியே எதுவும் தெரியாது. வயரை இலேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே செம்பு இல்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் அடிக்காமல் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நனைந்த கப்ளர்களை நல்ல தண்ணீரில் கழுவி, காற்றடித்து, கான்டாக்ட் கிளீனர் தெளித்துக் காயவைக்க வேண்டும். முனையை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. மேல்பூச்சு போனால் அடுத்த மழைக்குள் பச்சை பூக்கும். வெள்ளம் வேண்டாம், ஆயுத பூஜையே போதும். பிரஷர் வாட்டரை இன்ஜின் மேல் அடித்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் ஸ்டார்ட் அடித்தால் விளக்கு சிமிட்டும். பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கும். காயிலைக் கழற்றிக் காற்றடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வயர் சரி, எர்த் சரி என்றான பிறகு சென்சார்களுக்கு வரலாம். மூன்று வயர் சென்சார் என்றால் ஒன்று ஈசியு கொடுக்கும் 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சென்சார் திருப்பி அனுப்பும் சிக்னல். சாவியைப் போட்டு, கப்ளரைக் கழற்றி அளந்தால் முதல் வயரில் 4.8 முதல் 5.1 வோல்ட் வர வேண்டும். எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே கப்ளர் மாட்டிய நிலையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் புது சென்சார் போட்டு என்ன பயன்?

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 5 வோல்ட் கம்பியை இரண்டு மூன்று சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்ளும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் மேப் சென்சார், காற்று வாயிலான த்ராட்டிலின் சென்சார், ஏசி கேஸ் அழுத்த சென்சார் மூன்றும் ஒரே நாளில் பழுதானதாக எண்கள் வந்தால், மூன்றும் ஒன்றாகக் கெட்டிருக்கச் சாத்தியம் குறைவு. ஏதோ ஒன்று உள்ளே ஷார்ட் ஆகி 5 வோல்ட்டைக் கீழே இழுக்கிறது. மல்டிமீட்டரை 5 வோல்ட் வயரில் வைத்தபடி ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. ஈசியுவைச் சந்தேகிப்பது அதற்கும் பிறகுதான். மின்விளக்கு டெஸ்டரை இந்தக் கம்பிகளில் வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை ஈசியு தாங்காது. இன்சுலேஷனைக் குத்தியும் அளக்காதீர்கள். கப்ளரின் பின்பக்கம் மெல்லிய ஊசிமுனை நுழைத்து அளக்கலாம். திசையன்விளைக் காற்றில், குத்திய ஓட்டை அடுத்த பழுதுக்கு வாசல்.

மேப் சென்சாருக்கு ஒரு காசில்லாச் சோதனை. சாவி போட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் கருவியில் அழுத்தத்தைப் படியுங்கள். பாளையங்கோட்டை, நாங்குநேரி போன்ற சமவெளியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். மாஞ்சோலை ஏறுகிறவர்கள் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 11 கிலோபாஸ்கல் குறைவதைப் பார்க்கலாம்; குறையாமல் நின்றால் சென்சார் பொய் சொல்கிறது. ஸ்டார்ட் ஆகி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் நின்றால் நல்ல இன்ஜினில் 30 முதல் 45 வரை. ஐடிலில் 60 காட்டினால் சென்சாரை மாற்றும் முன் காற்றுக் கசிவையும், வால்வுகள் திறந்து மூடும் டைமிங்கையும் பார்க்க வேண்டும்.

வெப்ப சென்சார் இரண்டு வயர்க்காரன். குளிர்ந்தால் மின்தடை கூடும், சூடேறினால் குறையும். பொதுவாக 20 டிகிரியில் 2,500 ஓம் அளவிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் நிற்கும். காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில், கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஓரிரு டிகிரி வித்தியாசத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். கப்ளரைக் கழற்றினால் கருவியில் மைனஸ் 40 காட்டும். கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் 130க்கு மேல் ஏறும். இரண்டும் நடந்தால் வயரும் ஈசியுவும் நலம், சென்சாரைத் தாராளமாக மாற்றலாம். நடக்கவில்லை என்றால் புது சென்சாரும் அதே பொய்யைத்தான் சொல்லும். சில கார்களில் கழற்றியதும் ஈசியு ஒரு கற்பனை அளவை வைத்துக்கொண்டு ரேடியேட்டர் ஃபேனை ஓடவிடும். அதுவும் ஒரு தகவல்தான்.

இதோடு ஒட்டிய ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "நம்மூர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும் கதவு. அது இல்லாத இன்ஜின், நான்குவழிச் சாலையில் காற்று வாங்கி ஓடும்போது 65, 70 டிகிரியிலேயே நிற்கும். இன்னும் சூடேறவில்லை என்று ஈசியு கூடுதல் எரிபொருள் ஊற்றும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும், இன்ஜின் போதிய அளவு சூடேறவில்லை என்னும் பி0128 எண் விழும். டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்வதும் நின்றுபோகும். பிறகு அந்த பி0128க்காக வெப்ப சென்சாரை மாற்றுகிறார்கள்! சித்திரை வெயிலில் வண்டி கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், கூலன்ட் மட்டம், மூடி இவற்றைப் பாருங்கள். கதவைக் கழற்றுவது மருந்தாகாது.

இனி ஆக்சிஜன் சென்சார். பழைய வகை, அதாவது 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஊசலாடும் வகை, இன்ஜின் சூடான பின் 2,500 சுழற்சியில் விடாமல் மேலும் கீழும் ஓட வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளது ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். புதிய வைட்பேண்ட் வகையை இப்படி வோல்ட்டில் அளக்க முடியாது. கருவியில் வரும் காற்று-எரிபொருள் விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். சென்சாருக்குள்ளேயே இருக்கும் ஹீட்டரைச் சொல்லும் பி0135 போன்ற எண் வந்தால் முதலில் ஃபியூஸ். பிறகு ஹீட்டர் முனைகளில் ஓம்: குளிர்ந்த நிலையில் சில ஓம் முதல் 15 ஓம் வரை இருக்கும். எல்லையற்றுக் காட்டினால் ஹீட்டர் அறுந்தது, அப்போது மாற்றலாம். மாற்றும்போது இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கட்டும், 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை மரையில் மட்டும், முனையில் படக் கூடாது.

பி0171க்கு வழிகாட்டி எரிபொருள் திருத்த விகிதம், அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. குறுகிய காலத் திருத்தம், நீண்ட காலத் திருத்தம் என்று கருவியில் இரண்டு எண்கள் ஓடும். இரண்டையும் கூட்டி, 10 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலையில்லை. ஐடிலில் 20ம், 2,500 சுழற்சியில் 4ம் காட்டினால் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் காற்று கொஞ்சம். அதில் கசிவின் பங்கு பெரிது. சுழற்சி கூடினால் அதே கசிவு பெருங்காற்றில் கரைந்துபோகும். பிரேக் பூஸ்டர் குழாய், இன்ஜினின் உள்ஆவியைத் திரும்ப உறிஞ்சும் பிசிவி குழாய், காற்று நுழையும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் இவற்றைப் பாருங்கள். குழாயை விரலால் நெரித்ததும் ஐடில் மாறினால் அங்கேதான். மாறாக ஐடிலில் சரியாக இருந்து, ஏற்றத்தில், சுமையில் திருத்தம் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப், அல்லது தூசி படிந்த காற்று அளவி. குட்டம், திசையன்விளை தேரிக்காட்டுச் செம்மண் தூசிக்கு விலைகுறைந்த ஏர் ஃபில்டர் தாங்காது. பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடிக் காற்றில் ஓடும் வண்டிகளுக்கும் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது. காற்று அளவியை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவி, துணியால் தொடாமல் காயவிட வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் அளவி முடிந்தது.

இதில் விதிவிலக்கு ஒன்று. காற்று அளவி இல்லாமல் மேப் சென்சார் வைத்து ஓடும் சிறிய கார்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றில் காற்று கசிந்தால் அழுத்தம் கூடுவதை மேப் பார்த்துவிடும், ஈசியு பெட்ரோலையும் கூட்டிவிடும். பி0171 வராது, ஐடில்தான் ஏறி நிற்கும். காணொளி பார்த்துக் கற்றவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று குறைவு: ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு என்றிருந்தது ஏறத்தாழ 13.5 ஆகிறது. பழைய கார் இதை ஈடுகட்ட எட்டு ஒன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அதனால் மட்டும் விளக்கு எரிய வேண்டியதில்லை. ஏற்கெனவே அழுக்கான அளவி எட்டு சதவீதம், தளர்ந்த பம்ப் ஐந்து சதவீதம் என்று தாங்கிக்கொண்டிருந்த வண்டி, இதுவும் சேர்ந்ததும் எல்லையைத் தாண்டுகிறது. பெட்ரோலைக் குறை சொல்லிவிட்டு அளவியைக் கழுவாமல் விடுவதில் லாபமில்லை.

மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதைச் சொல்லும் எண்கள் எளிது. பி0301 முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது. காயிலை இரண்டுக்குமிடையே மாற்றிப் போடுங்கள். எண் கூடவே போனால் காயில். போகவில்லை என்றால் பிளக்கை மாற்றிப் போடுங்கள், அதற்கடுத்து இன்ஜெக்டர். போர்ட் வகை இன்ஜெக்டரில் பொதுவாக 11 முதல் 16 ஓம். எதுவும் நகராமல் அதே சிலிண்டரில் நின்றால் அதன் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே காற்று அழுந்தும் அளவைப் பாருங்கள். பி0300 என்று பொதுவாக வந்தால் ஒரு காயிலைத் துரத்தாமல் எல்லா சிலிண்டருக்கும் பொதுவானதைப் பாருங்கள்: பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, எர்த்.

இன்ஜின் சுழல்வதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் தன் நோயை ஒரே மாதிரிதான் காட்டும். சூடானதும் வண்டி நிற்கும், அரைமணி ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். நின்ற அந்த நேரத்தில் கருவியைச் செருகி ஸ்டார்ட் அடித்து, சுழற்சி எண்ணைப் பாருங்கள். 150 முதல் 250 வரை காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் சிக்னல் இல்லை. இரண்டு வயர் காந்த வகையை ஓமில் அளக்கலாம். மூன்று வயர் ஹால் வகையை ஓமில் அளப்பது அர்த்தமற்றது. பி0016 வந்தால் கிராங்க் சென்சாரையும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சென்சாரையும் வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றுதான் சொல்கிறது. ஆயில் மட்டத்தைப் பாருங்கள், நீண்டுபோன டைமிங் செயினைச் சந்தேகியுங்கள்.

பிஎஸ்6 டீசல்காரர்களுக்கு ஒரு பத்தி. பாளையங்கோட்டைக்கும் நெல்லை ஜங்ஷனுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் புகைக்கரி வடிகட்டி அடைக்கும். அதற்குத் தனி விளக்கு உண்டு. அது எரிந்ததும் நான்குவழிச் சாலையில் கயத்தாறு வரை 60க்கு மேல் ஒரே சீராக ஓட்டினால் உள்ளே சுமார் 600 டிகிரி ஏறிக் கரி எரிந்துவிடும். பாதியில் அணைத்து அணைத்து ஓட்டினால் எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் கூடும். விளக்கு அணையவில்லை என்றால் வடிகட்டியை மாற்றச் சொல்பவரிடம், அழுத்த வேறுபாட்டு சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அதில் ஒன்று வெடித்திருந்தால் நல்ல வடிகட்டியும் பழுதாகத் தெரியும். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கான பி0420 எண்ணும் அப்படியே. அதன் விலை பெரிது. சென்சாருக்கு முன்னால் சைலன்சர் கசிவு, மிஸ்ஸிங், ஆயில் குடிக்கும் இன்ஜின் மூன்றையும் தள்ளிவிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு. காரணத்தை விட்டுவிட்டு மாற்றினால் புதியதும் கருகும்.

இவ்வளவும் செய்ய ஒரு மல்டிமீட்டரும், ஒரு கருவியும், இரண்டு மணி நேரமும் வேண்டும். சிக்கல் அந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. பெட்டியில் வரும் பொருளுக்கு வண்டிக்காரர் பேரம் பேசாமல் பணம் கொடுப்பார், "வயரைப் பார்த்தேன், எர்த்தைச் சுத்தம் செய்தேன்" என்றால் "சும்மா துடைச்சதுக்கா இவ்வளவு?" என்பார். சோதனைக்குக் கூலி இல்லாத ஊரில் மெக்கானிக்கும் பொருளை விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. குறை இரண்டு பக்கமும்தான். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு மாலை நேரத்தில் மல்டிமீட்டர், மின்னழுத்த இழப்புச் சோதனை, எரிபொருள் திருத்தம் வாசித்தல் ஆகியவற்றில் சில வாரப் பயிற்சி கொடுத்தால் உதவியாக இருக்கும். அரசு கவனிக்க வேண்டும்.

வண்டிக்காரர்கள் இன்றே செய்யக்கூடியது பில்லில் மூன்று வரி கேட்பது: அழிக்கும் முன் இருந்த பிழை எண், மாற்றிய பொருளில் அளந்த அளவு, மாற்றிய பின் அதே இடத்தில் வந்த அளவு. கழற்றிய பழைய சென்சாரையும் ஒரு பையில் போட்டு, வயர் நிறத்தையும் பார்ட் நம்பரையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை விளக்கு எரியும்போது அது நல்லதாகவே இருந்தது என்று தெரிந்தால், அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கார் மின்பழுது பார்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை.